ஒல்லிப் பையனுக்கும் ரத்தக் கொதிப்பு!
கழுத்துக் கறுப்பை அழுக்கு என்று தேய்க்காதீர்கள்

திருப்பூர்,

"நம்ம பையன் ஒல்லிங்க! அவனுக்குச் சர்க்கரையாவது, கொதிப்பாவது!"

பனியன் கம்பெனி வாசலிலும் டீக்கடை பெஞ்சிலும் பெற்றோர் பேசும் பேச்சு இது. அதை நம்பிச் சும்மா இருந்து விடாதீர்கள்!

2016-18-ல் மத்திய அரசு நாடு முழுவதும் சத்துணவு ஆய்வு ஒன்றை நடத்தியது. 10 முதல் 19 வயது வரை உள்ள பிள்ளைகளையும் சோதித்தார்கள்.

100-க்கு 10 பேர் சர்க்கரை வியாதியின் வாசற்படியில் நின்றார்கள். 5 பேருக்கு ரத்தக் கொதிப்பு. நான்கில் ஒருவருக்கு மேல் நல்ல கொழுப்பு குறைவு.

இத்தனைக்கும் அதில் எடை கூடியவர்கள் 5 பேர்தான். 24 பேர் ஒல்லிகள்!

உள்ளே ஒளிந்த கொழுப்பு

புனே டாக்டர் யாக்னிக், அங்கு பிறந்த குழந்தைகளை இங்கிலாந்துக் குழந்தைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். நம் குழந்தைகள் சிறிசு. சதை குறைவு. ஆனால் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை!

ஒன்றரை ஷிப்ட்

பிளஸ்-2 முடித்ததும் அவினாசி, ஊத்துக்குளி, பல்லடம் பக்கத்துக் கிராமங்களில் இருந்து பிள்ளைகள் கம்பெனி வண்டி ஏறுகிறார்கள். ஒன்றரை ஷிப்ட் என்றால் 12 மணி நேரம். தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தே வேலை. நடுவில் டீ, போண்டா. ராத்திரி புரோட்டா.

அப்பாவும் அம்மாவும் ஷிப்டுக்குப் போய் விட்டால், பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் பார்சல்தான்.

டீயைக் கணக்குப் பாருங்கள். கிளாசுக்கு 2 ஸ்பூன் சர்க்கரை. 4 கிளாசுக்கு 8 ஸ்பூன். ஒரு நாளைக்கு 6 ஸ்பூனுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

17 வயதில் மாரடைப்பு வருவது அபூர்வம். ஆனால் ரத்தக் குழாயில் கொழுப்பு படிவது அந்த வயதிலேயே தொடங்கி விடுகிறது. 52 நாடுகளில் நடந்த ஆய்வு 2004-ல் வெளிவந்தது. முதல் மாரடைப்பு மற்றவர்களுக்குச் சராசரியாக 59 வயதில் வருகிறது. இந்தியா, இலங்கை பக்கத்தில் 53 வயதிலேயே!

எப்படிக் கண்டுபிடிப்பது?

பிடரியில் கறுப்புப் பட்டை தெரிகிறதா? அழுக்கு என்று பீர்க்கங்காய் நாரால் தேய்க்காதீர்கள். உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம்.

ஒரு கயிறு எடுங்கள். இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதியைத் தாண்டக்கூடாது.

13 வயதுக்கு மேல் ரத்த அழுத்தம் 130/80 அல்லது அதற்கு மேல் இருந்தால், மறுபடியும் பார்த்து டாக்டரைக் கேட்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அழுத்தமும் சர்க்கரையும் இலவசமாகப் பார்க்கிறார்கள்.

போண்டாவுக்குப் பதில் ஒரு கை அவித்த நிலக்கடலை, கொள்ளுச் சுண்டல். தினமும் ஒரு மணி நேரம் ஓட்டமோ விளையாட்டோ. 8 மணி நேரத் தூக்கம்.

சனிக்கிழமை பட்டுவாடா வாங்கியதும் பையனுக்குச் செல்போன் வாங்கிக் கொடுக்கிறோம். ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப் போங்கள். செலவு பஸ் சார்ஜ் மட்டும்தான்!