யாரும் மீட்டாத காந்தாரம்

புணேயின் ஹிஞ்சவடியில் மென்பொருள் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய மகள் அங்கே இந்துஸ்தானி வாய்ப்பாட்டு கற்கிறாள். பள்ளி முடிந்து வந்தால் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு தானே மெட்டுக் கட்டுகிறாள். பாட்டு டீச்சர் தம்பூரா வாங்கச் சொல்லியிருக்கிறார். மகளின் சாஃப்ட்வேரிலேயே தம்பூரா இருக்கிறது, எந்தச் சுதிக்கும் ஒரு சொடுக்கில் மாறுகிறது, இடத்தையும் அடைக்காது. அப்படியிருக்க ஆளுயர வாத்தியம் ஒன்றை ஃப்ளாட்டில் கொண்டுவந்து வைக்க வேண்டுமா என்று கேட்கிறார்.

கணினியில் இசையமைப்பதைப் பற்றி நான் இங்கே பாடம் நடத்தப்போவதில்லை. 1986இல் புன்னகை மன்னனையும் 1992இல் ரோஜாவையும் கேட்டு வளர்ந்த தமிழ்க் காதுக்கு அது புதிதல்ல. கீபோர்டும் கணினியும் பேசிக்கொள்ள மிடி என்ற பொது மொழி 1983லேயே வந்துவிட்டது. ஒரு சுரத்தை எப்போது தொடங்குவது, எவ்வளவு அழுத்துவது, எப்போது விடுவது என்பதெல்லாம் எண்களாகிவிட்டன. ஒரு பெண் தன் அறையில் உட்கார்ந்தபடி முப்பது வயலின்களை எழுதிக் கேட்டுப் பார்க்க முடிவது பெரிய விடுதலை. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் வாசகர் கேட்டது தம்பூராவைப் பற்றி. அதைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது.

தம்பூராவுக்கு நான்கு தந்திகள். பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம். கணக்கு எளிதாக இருக்க நடு ஸ்தாயி ஸட்ஜத்தை 240 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். பஞ்சமத் தந்தி 180, சாரணியும் அனுசாரணியும் 240, மந்தரம் 120. ஆக வாத்தியத்தில் இருப்பது ஸட்ஜமும் பஞ்சமமும் மட்டுமே. இப்போது நன்றாகச் சுதி சேர்த்த தம்பூராவின் பக்கத்தில் உட்கார்ந்து மந்தரத் தந்தியை மட்டும் ஒருமுறை மீட்டிவிட்டுக் காத்திருங்கள். முதலில் அடியில் கனத்த ஸட்ஜம் வரும். அது அடங்கத் தொடங்கும்போது உள்ளிருந்து இன்னொரு சுரம் மேலே ஏறி வரும். அது அந்தர காந்தாரம், தெளிவான, சுத்தமான காந்தாரம். அந்தச் சுரத்துக்கு யாரும் தந்தி கட்டவில்லை, யாரும் அதை மீட்டவுமில்லை. இந்துஸ்தானிப் பாடகர்கள் இதை சுயம்பு காந்தாரம் என்பார்கள். தம்பூராவில் அது கேட்கவில்லை என்றால் சுதி சேரவில்லை என்று தந்தியை முறுக்கும் பிருடையை மறுபடி திருகுவார்கள்.

இது எங்கிருந்து வருகிறது? எந்தத் தந்தியை மீட்டினாலும் அதன் அடிப்படைச் சுரத்தோடு மேற்சுரங்களும் சேர்ந்தே பிறக்கின்றன. 120 ஹெர்ட்ஸ் தந்தி என்றால் 240, 360, 480, 600 என்று அவை அடுக்காக ஏறும். அடிப்படையையும் சேர்த்து எண்ணினால் ஐந்தாவதான 600தான் மேல் ஸ்தாயி காந்தாரம். கித்தார் தந்தியிலும் இது உண்டு. ஆனால் அங்கே அது மெலிந்து சீக்கிரமே செத்துவிடும். தம்பூராவிலோ நின்று பாடும். அதற்குக் காரணம் தந்தியைத் தாங்கும் குதிரையும் ஒரு துண்டு நூலும்.

கித்தாரில் தந்தி ஒரு கூர்மையான விளிம்பில் உட்கார்ந்து முடிந்துவிடும். தம்பூராவின் குதிரை அகலமானது. அதன் மேற்பரப்பு கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்ல வளைந்து சரியும். தந்தி அந்தச் சரிவை ஒட்டி, தொட்டும் தொடாமலும் போகும். தந்திக்கும் குதிரைக்கும் நடுவே ஒரு பருத்தி நூலையோ பட்டு நூலையோ செருகி மயிரிழை மயிரிழையாக நகர்த்துவார்கள். நாம் அந்த நூலை ஜீவா என்கிறோம். மராட்டியில் குதிரையின் அந்தச் சரிவையும் அதிலிருந்து வரும் ரீங்காரத்தையும் ஜவாரி என்கிறார்கள்.

சின்ன வயதில் எங்கள் வாசலில் அக்காக்கள் தாம்புக்கயிற்றின் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு மறுமுனையைச் சுழற்றித் தாண்டுவார்கள். கயிறு கீழே வரும்போது கொஞ்ச தூரம் தரையில் படிந்து 'சரக்' என்று தேய்க்கும், எழும்போது விட்டுவிடும். வேகமாகச் சுழற்றினால் அதிக நீளம் படியும், சோர்ந்து சுழற்றினால் குறைவாகப் படியும். தம்பூராத் தந்தியும் தன் குதிரைமேல் இதையேதான் செய்கிறது, வினாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை. ஒவ்வொரு படிதலும் தந்திக்கு ஒரு சின்னத் தட்டு. அடிப்படைச் சுரத்தில் இருக்கும் ஆற்றலைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து அது மேற்சுரங்களுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. அதிர்வு குறையக் குறையப் படியும் நீளமும் மாறுவதால் மேற்சுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக முன்னுக்கு வருகின்றன. காந்தாரம் ஏறி வருவதுபோல் நமக்குக் கேட்பது இதனால்தான்.

இதை முதலில் அறிவியலாகப் பார்த்தவர் நம் திருச்சியில் பிறந்த சி.வி.ராமன். 1921இல், கல்கத்தாவில் இருந்தபோது, இந்தியத் தந்தி வாத்தியங்களைப் பற்றி ஒரு சிறு ஆய்வுரையை வெளியிட்டார். இயற்பியலில் பழைய விதி ஒன்று உண்டு. ஒரு மேற்சுரத்தின் கணு எங்கே விழுகிறதோ, அதாவது அந்தச் சுரத்துக்குத் தந்தி அசையாமல் நிற்கும் இடம் எதுவோ, அங்கே மீட்டினால் அந்தச் சுரம் பிறக்காது. தந்தியின் ஐந்தில் ஒரு பங்கு தூரத்தில் மீட்டினால் ஐந்தாவது மேற்சுரம் வரக்கூடாது. தம்பூராவிலும் வீணையிலும் அது வந்தது, பலமாகவே வந்தது. விதி பொய்யாகவில்லை. கூர்மையான விளிம்பில் முடியும் தந்திக்குத்தான் அந்த விதி, இங்கே குதிரை வளைந்திருக்கிறது என்று ராமன் காட்டினார். பெயர் தெரியாத ஆசாரிகள் அரத்தாலும் காதாலும் கண்டுபிடித்ததை ஒரு பேராசிரியர் நேர்மையாக வியந்து எழுதிய பக்கங்கள் அவை. நம் பள்ளிகளில் ராமன் விளைவைச் சொல்லித்தருகிறோம், இதைச் சொல்லித்தருவதில்லை. ஒரு வகுப்பறைக்குள் ஒரு தம்பூராவை எடுத்துவந்தால் போதும், அரை மணி நேரத்தில் பிள்ளைகள் தங்கள் காதாலேயே ஒலியியல் கற்றுவிடுவார்கள்.

கணினியால் இதைச் செய்ய முடியாதா? முடியும். தந்தியின் விறைப்பு, குதிரையோடு அது மோதுவது, நூல் கொடுக்கும் இடைவெளி எல்லாவற்றையும் சமன்பாடுகளாக்கி, மீட்டும் கணத்திலேயே ஒலியைக் கணித்துத் தரும் முயற்சியைப் பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் 2016இல் செய்து காட்டினார்கள். ஆனால் வீட்டு மடிக்கணினியில் பெரும்பாலும் இருப்பது இதுவல்ல. எப்போதோ ஒரு நல்ல தம்பூராவை மீட்டிப் பதிவு செய்த சாம்பிள், சுற்றிச் சுற்றி வருவதுதான் அங்கே இருக்கிறது. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் மயிரளவு வேறுபாடு கிடையாது. சுதியை மாற்றினால் பதிவு மொத்தமும் இழுபடுகிறது, அல்லது சுருங்குகிறது. தந்தியின் சுரத்தோடு குடத்தின் குரலும் சேர்ந்து மாறிவிடுகிறது. நிஜத்தில் பிருடையைத் திருகினால் குடத்தின் அளவு மாறுமா?

இதைவிட எனக்கு உறுத்துவது வேறொன்று. கீபோர்டிலும் சாஃப்ட்வேரிலும் ஒரு ஸ்தாயி பன்னிரண்டு சம பாகங்களாக வெட்டப்பட்டிருக்கிறது. எந்தச் சுரத்தை ஸட்ஜமாக வைத்தாலும் வாசிக்க முடிய வேண்டும் என்பதற்காக மேற்கத்திய இசை செய்துகொண்ட ஏற்பாடு அது. அவர்களுடைய இசைக்கு நியாயமானதுதான். அதில் பஞ்சமம் கிட்டத்தட்டச் சரியாக வரும். காந்தாரம் வராது. தம்பூரா தானாகத் தரும் காந்தாரம் 600 ஹெர்ட்ஸ், கீபோர்டு தரும் காந்தாரம் 604.8. இரண்டும் சேர்ந்து ஒலித்தால் வினாடிக்கு ஏறக்குறைய ஐந்து விம்மல்கள். பக்திப் பாடல் தொகுப்புகளிலும் விளம்பரங்களிலும் தம்பூரா ட்ராக்கின் மேல் கீபோர்டு காந்தாரத்தை வைத்து அழுத்தும்போது ஏதோ கலங்கியிருப்பதுபோல் தோன்றுவது இதனால்தான். கேட்டுக் கேட்டு அந்தக் கலங்கலே பழகிவிட்டது, அதுதான் சோகம்.

இந்த வழக்கு கணினிக்கும் முந்தையது. சாங்லியைச் சேர்ந்த கே.பி.தேவல் என்ற ஓய்வுபெற்ற டெபுடி கலெக்டர் இருபத்திரண்டு சுருதிகளைப் பற்றி 1910இல் புணேயில் ஒரு புத்தகம் அச்சிட்டார். அவருடைய அளவைகளுக்குக் குரல் கொடுத்தவர் கிரானா கரானா என்ற இந்துஸ்தானி மரபின் மேதை உஸ்தாத் அப்துல் கரீம் கான். ஆங்கிலேய அதிகாரி கிளெமென்ட்ஸும் சேர்ந்துகொள்ள, ஹார்மோனியத்துக்கே சுருதிகளைக் கற்பிக்கும் முயற்சிகள் நடந்தன. அகில இந்திய வானொலியோ 1940இல் ஹார்மோனியத்தைத் தடையே செய்துவிட்டது. தடை தளர 1971 ஆயிற்று. வாத்தியத்தைத் தடை செய்வது எனக்கு உடன்பாடல்ல. ஆனால் அந்தக் காலத்தில் காந்தாரத்துக்காகச் சண்டை போட ஆள் இருந்தார்கள்.

அப்துல் கரீம் கான் தமிழ்நாட்டுக்கும் உறவானவர். கர்நாடக இசையைக் கேட்டுப் போற்றி, தியாகராஜ கிருதியையே இசைத்தட்டில் பாடியவர். 1937இல் சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு ரயிலில் போகும்போது உடல்நிலை சரியில்லாமல் சிங்கப்பெருமாள் கோவில் நிலையத்தில் இறங்கினார். தம்பூராவைச் சுதி சேர்க்கச் சொல்லி, பிளாட்பாரத்தில் உட்கார்ந்து பிரார்த்தனையைப் பாடியபடியே உயிர் விட்டார் என்று சொல்வார்கள். அந்த நிலையத்தைத் தினமும் எத்தனை ஆயிரம் பேர் மின்ரயிலில் கடக்கிறோம்!

அவருடைய சீடர் சவாய் கந்தர்வர். கந்தர்வரின் சீடர் பீம்சேன் ஜோஷி. குருவின் நினைவாக 1953இல் புணேயில் தொடங்கிய இசைவிழா இன்றும் ஒவ்வொரு டிசம்பரிலும் நடக்கிறது. அந்த மேடையில் பாடகருக்குப் பின்னால் இரண்டு தம்பூராக்கள் நிற்பதைப் பார்க்கலாம். இரண்டின் மீட்டலும் ஒரே நேரத்தில் விழாது. ஒன்றின் ரீங்காரம் தேயும் இடத்தில் மற்றொன்று எழும். மீட்டுகிறவர்கள் பெரும்பாலும் சிஷ்யர்கள். ஆயிரக்கணக்கானவர்கள் முன்னால் குருவின் தோளுக்குப் பின்னால் உட்கார்ந்து கச்சேரி முழுக்கச் சுதியை மட்டுமே காப்பது அவர்களுக்குப் பெரிய பாடம்.

நம் மார்கழி மேடைகளில் அந்த இடம் சுருங்கிக்கொண்டே வருகிறது. பெங்களூரின் புல்லாங்குழல் கலைஞரும் பொறியாளருமான ராஜ் நாராயண் 1979இல் மின்னணுத் தம்பூராவைச் செய்தது பெரும் உபகாரம். தனியாகச் சாதகம் செய்கிறவர்களுக்கும் வெளிநாட்டில் கற்கும் பிள்ளைகளுக்கும் அது துணையானது. ஆனால் துணைக்கு வந்த பெட்டியை வைத்துக்கொண்டு தம்பூராக் கலைஞரையே வேண்டாம் என்று அனுப்பினோம். சம்பளம் மிச்சமாயிற்று. இருந்தாலும் உயிருள்ள தம்பூராவை விடாமல் மேடைக்குக் கொண்டுவரும் வித்வான்களும் விதுஷிகளும் இருக்கிறார்கள். அவர்களை நான் மனதாரக் கும்பிடுகிறேன்.

வாசகருக்கு வருகிறேன். முதலில் ஒரு சோதனை. சாஃப்ட்வேரில் தம்பூராவை ஓடவிட்டு மகளை பூப் ராகத்தில், நமக்கு மோகனம், காந்தாரத்தில் நிற்கச் சொல்லுங்கள். அது ஒட்டி நின்றதும் கீபோர்டில் அதே காந்தாரத்தை அழுத்துங்கள். குரல் நிற்கும் இடம் கொஞ்சம் கீழே இருப்பது அவளுக்கே கேட்கும். பிறகு சாஃப்ட்வேரின் சுருதி அமைப்பைத் திறந்து, காந்தாரத்தை 14 சென்ட் இறக்கச் சொல்லுங்கள். ஒரு ஸ்தாயிக்கு 1200 சென்ட். பெரும்பாலான இசை சாஃப்ட்வேர்களில் இந்த வசதி இருக்கிறது, தொட்டுப் பார்க்கிறவர்கள்தான் குறைவு. அவளுடைய மெட்டுகள் அன்றே தெளியத் தொடங்கும்.

அதோடு தம்பூராவும் வாங்குங்கள். புணேயிலேயே கடைகள் உண்டு. ஆனால் நீங்கள் மிரஜுக்கே போக வேண்டும் என்பது என் ஆசை. சாதாராவையும் சாங்லியையும் தாண்டி ஒரே ரயில். ஒரு காலத்தில் ஆயுதம் செய்துவந்த ஷிகல்கர் குடும்பங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாத்தியத்துக்கு மாறிய ஊர் அது. தஞ்சாவூரில் நாம் பலாவில் குடம் குடைகிறோம். அவர்கள் பண்டரிபுரப் பக்கம் விளையும் பெரிய சுரைக்காயைக் காயவைத்துக் குடமாக்குகிறார்கள். மிரஜ் சிதாருக்கும் தம்பூராவுக்கும் 2024இல்தான் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு கிடைத்தால் மட்டும் பட்டறையில் அடுத்த தலைமுறை உட்கார்ந்துவிடாது, வாங்க ஆள் வர வேண்டும். போகும்போது மகளையும் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். பெண்குரல் சுதிக்குத் தண்டி சிறியது, தந்தியின் கனமும் வேறு. குதிரையை எப்படி இழைப்பது என்று முடிவு செய்ய அவளைத்தான் அவர்கள் ஸட்ஜம் பாடச் சொல்வார்கள்.