உன்னையா, உனக்கா?

தமிழிலே 'கொடுக்கிறேன்' என்றதும் கொடுப்பவர் யாரென்பதை வினையின் ஈறே காட்டிவிடும். யாருக்கு என்பதைக் காட்டுதல் நான்காம் வேற்றுமையின் பொறுப்பு. 1984இல் வெளிவந்த 'ஸ்டார் ட்ரெக்' மூன்றாம் திரைப்படத்திற்காக மார்க் ஓக்ராண்ட் என்னும் அமெரிக்க மொழியியலறிஞர் உருவாக்கிய கிளிங்கன் மொழியிலோ, வினையின் முன்னொட்டு எழுவாயையும் செயப்படுபொருளையும் ஒருங்கே உணர்த்துகின்றது. 'விநோப்' எனின், 'நான் அதைக் கொடுக்கிறேன்' என்பது பொருள். பெறுபவரைச் சுட்ட, நமது 'கு' உருபு போன்று 'வாட்' என்னும் பின்னொட்டு உண்டு. 'ஷோஹ்வாட் பாக் விநோப்' என்றால் 'உனக்கு நூலைக் கொடுக்கிறேன்'.

எம்மைக் கவர்ந்தது இதனைச் சுருக்கும் வழியே. 'கா' என்பது 'நான் உன்னை' எனப் பொருள்படும் முன்னொட்டு. 'பாக் காநோப்' என்கையில், செயப்படுபொருளாக நூல் முன்னே நிற்றலின், 'உன்னை' என்பது 'உனக்கு' ஆகிவிடுகின்றது. உருபு மயக்கம் கற்ற நம் மாணவர்க்கு இது வியப்பன்று. ஆனால் நூலை விடுத்துக் 'காநோப்' என்று மட்டும் கூறின், கேட்பவர் சற்றே அஞ்சவேண்டும். அவரையே பிறர்க்குக் கொடுத்துவிடுவதாகவும் அது பொருள்படும்!

இச்சலுகை தன்மைக்கும் முன்னிலைக்குமே உரியது. படர்க்கையில் 'அதை', 'அவனை' இரண்டிற்கும் 'வி' ஒன்றே முன்னொட்டாதலின், 'அவனுக்கு' என்று கூற 'வாட்' வந்தே தீரவேண்டும்.