சொந்த ஊர்ல தொழில் தொடங்கினா 35% மானியம்: ராஜினாமா லெட்டர் எழுதுறதுக்கு முன்னாடி போட வேண்டிய கணக்கு

"வேலையை விட்டுட்டு ஊருக்குப் போய் சின்னதா ஒரு யூனிட் போடலாம்னு இருக்கேன் சார். கவர்மென்ட் 35% மானியம் தருதாமே?" 27, 28 வயசுல, ஐந்தாறு வருஷம் சம்பளம் வாங்கிப் பார்த்தவங்க என்கிட்ட அதிகமா கேட்கிற கேள்வி இதுதான். தருது, உண்மைதான். ஆனா அந்த 35% உங்க கைக்கு எப்போ வரும், எந்த உருவத்துல வரும்னு தெரியாம முடிவெடுத்தா சிக்கல். வீடியோவுல எண்களை வேகமா சொல்லிட்டுப் போயிடுவேன். இங்கே நிதானமா பார்க்கலாம்.

முதல்ல, அரசு ஏன் பணம் தருது?

சென்னை, ஸ்ரீபெரும்புதூர், கோயம்புத்தூர் பக்கம் தொழில் தொடங்க யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. வாங்குறவங்க, வேலை தெரிஞ்ச ஆட்கள், லாரி, ரிப்பேர் கடை எல்லாமே பக்கத்துல இருக்கும். சின்ன ஊர்ல இதுல ஏதாவது ஒண்ணு குறையும். அந்தக் குறையை ஈடுகட்டத்தான் மானியம். அதனால ஒரு இடத்துக்கு மானியம் அதிகம்னா, "ஆஹா, அதிர்ஷ்டம்"னு நினைக்காதீங்க. "மத்தவங்க ஏன் இங்கே வரல?"ன்னு கேளுங்க. இந்தக் கட்டுரையில ஒரே ஒரு விஷயம் மட்டும் மனசுல நிக்கணும்னா, இது நிக்கட்டும்.

எந்தெந்தத் திட்டங்கள்?

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம், அதாவது பி.எம்.இ.ஜி.பி.: மத்திய அரசு திட்டம். உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம், சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை திட்ட மதிப்பு. பொதுப் பிரிவுக்கு நகரத்துல 15%, கிராமத்துல 25% மானியம். எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி., சிறுபான்மையினர், பெண்கள், மாற்றுத்திறனாளிகள், முன்னாள் ராணுவத்தினர் சிறப்புப் பிரிவுல வருவாங்க. அவங்களுக்கு நகரத்துல 25%, கிராமத்துல 35%.

நீட்ஸ்: தமிழ்நாடு அரசு திட்டம், முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு. 10 லட்சம் முதல் 5 கோடி வரையிலான திட்டங்களுக்கு 25% மானியம், உச்சவரம்பு 75 லட்சம். அதோட 3% வட்டி மானியமும் உண்டு.

அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம்: எஸ்.சி., எஸ்.டி. தொழில்முனைவோருக்கு 35% மானியம், உச்சவரம்பு 1.5 கோடி. வட்டி மானியம் 6%.

வயது, படிப்பு நிபந்தனைகள் திட்டத்துக்குத் திட்டம் மாறும். இப்போ பி.எம்.இ.ஜி.பி.யை மட்டும் வெச்சு ஒரு கணக்கு போடலாம்.

கரூர்ல ஒரு அட்டைப்பெட்டி யூனிட்

கரூர்ல இருந்து வீட்டு உபயோகத் துணிகள் நிறைய ஏற்றுமதியாகுது. பெட்ஷீட்டோ திரைச்சீலையோ, எது போனாலும் அட்டைப்பெட்டியிலதான் போகணும். அதனால உதாரணத்துக்கு 20 லட்சம் ரூபாய்ல ஒரு அட்டைப்பெட்டி யூனிட்னு வெச்சுக்குவோம். நீங்க ஓ.பி.சி., அதனால சிறப்புப் பிரிவு.

உங்க சொந்தப் பணம் 5%, அதாவது 1 லட்சம். பேங்க் கடன் 19 லட்சம். யூனிட் கரூர் மாநகராட்சிக்குள்ள இருந்தா மானியம் 5 லட்சம். வெளியே ஒரு கிராம ஊராட்சியில இருந்தா 7 லட்சம்.

வட்டி 11%, தவணைக் காலம் 5 வருஷம்னு எடுத்துக்கிட்டா:

- மானியமே இல்லாம, முழு 19 லட்சத்துக்கு இஎம்ஐ: 41,311 ரூபாய்
- நகர மானியம் போக 14 லட்சத்துக்கு: 30,439 ரூபாய்
- கிராம மானியம் போக 12 லட்சத்துக்கு: 26,091 ரூபாய்

நகரத்துக்கும் கிராமத்துக்கும் மாசம் 4,348 ரூபாய் வித்தியாசம். இப்போ யோசிங்க. ஊராட்சியில யூனிட் போட்டதால வண்டி வாடகை, ஆட்களைக் கூட்டிட்டு வர்ற செலவு எல்லாம் சேர்ந்து மாசம் 6,000 ரூபாய் கூடினா? கூடுதலா வந்த 2 லட்சம் மானியம் அதுலயே கரைஞ்சுடும். மானியம் ஒரு தடவை வர்றது. வண்டி வாடகை யூனிட் இருக்கிற வரைக்கும் வரும்.

மானியம் உங்க கைக்கு வராது

நிறைய பேர் தடுமாறுற இடம் இதுதான். பி.எம்.இ.ஜி.பி. மானியம் உங்க சேவிங்ஸ் அக்கவுண்டுக்கு வராது. கடன் கொடுத்த பேங்க்ல உங்க பேர்ல 3 வருஷத்துக்கு டெபாசிட்டா நிக்கும். அதுக்கு உங்களுக்கு வட்டி கிடையாது. அந்த அளவு கடன் தொகைக்கு பேங்க்கும் வட்டி போடாது. 3 வருஷம் கழிச்சு, யூனிட் நிஜமாவே ஓடுதான்னு நேர்ல வந்து சரிபார்த்த பிறகுதான் கடன்ல கழிப்பாங்க. அதுவரைக்கும் இஎம்ஐ எந்தத் தொகைக்குப் போட்டிருக்காங்கன்னு கையெழுத்துக்கு முன்னாடியே மேனேஜர்கிட்ட கேட்டுக்கோங்க.

அதனால என் சோதனை ரொம்ப எளிமை. மானியம் பூஜ்யம்னு வெச்சுக்கோங்க. மாசம் 41,311 ரூபாய் கட்டி, சம்பளம், கரண்ட், வாடகை எல்லாம் போக, வீட்டுக்குக் கொஞ்சமாவது மிஞ்சுதா? மிஞ்சினா அது நல்ல தொழில், மானியம் போனஸ். மானியத்தைச் சேர்த்தாதான் கணக்கு நிக்குதுன்னா, அந்தத் தொழிலை மறுபடி யோசிங்க.

சின்ன எழுத்துல இருக்கிற நிபந்தனைகள்

- புது யூனிட்டுக்கு மட்டும்தான். ஏற்கெனவே ஓடுற தொழிலுக்கு இந்த முதல் கடன் கிடையாது.
- நிலத்தோட விலையைத் திட்ட மதிப்புல சேர்க்க முடியாது.
- கணவன், மனைவி ரெண்டு பேர்ல ஒருத்தருக்குத்தான்.
- வேற அரசு மானியம் ஏற்கெனவே வாங்கின யூனிட் தகுதி பெறாது.
- தொழில்முனைவோர் பயிற்சியை முடிக்கணும்.

"கொட்டேஷனை ஏத்திப் போட்டு மானியத்தை அதிகமா வாங்கித் தரேன், எனக்கு 10% கொடுங்க"ன்னு ஏஜென்ட் யாராவது வந்தா ஓடிடுங்க. விண்ணப்பம் ஆன்லைன்ல நீங்களே போடலாம். 12 லட்சம் மெஷினை 16 லட்சம்னு காட்டினா, அந்த 4 லட்சத்துக்கும் கடன்காரர் நீங்கதான். பொய் ஆவணத்துல கையெழுத்து போட்டவரும் நீங்கதான். ஏஜென்ட் பேர் எந்தப் பேப்பர்லயும் இருக்காது.

மானியத்துக்கு வரி உண்டா?

மெஷின் மாதிரி சொத்து வாங்க வர்ற மானியத்தை அந்தச் சொத்தோட விலையில கழிக்கணும். 10 லட்சம் மெஷினுக்கு 3 லட்சம் மானியம்னா, கணக்குல மெஷின் விலை 7 லட்சம். தேய்மானம் அதுக்குத்தான். 15% தேய்மானம்னா முதல் வருஷம் 1.5 லட்சத்துக்குப் பதிலா 1.05 லட்சம்தான் செலவாக் காட்ட முடியும். இப்படி சொத்து விலையில கழிக்கப்படாத மானியம் வருமானமாவே சேரும். மானியம் முழுக்க வரி இல்லாத பணம்னு யாராவது சொன்னா நம்பிடாதீங்க.

நிஜமான முதலீடு 1 லட்சம் இல்லை

பேப்பர்ல உங்க பங்கு 1 லட்சம்தான். ஆனா நிஜத்துல நீங்க போடுறது உங்க சம்பளம். மாசம் 45,000 வாங்குறவர் வேலையை விட்டு, முதல் 12 மாசம் தொழில்ல இருந்து ஒரு ரூபாயும் எடுக்கலைன்னா, 5,40,000 ரூபாய் வருமானம் போச்சு. அதோட கம்பெனி மருத்துவக் காப்பீடும் போகும், அதனால வேலையை விடுறதுக்கு முன்னாடியே குடும்பத்துக்குத் தனி பாலிசி எடுத்துடுங்க. 5 வருஷ சர்வீஸ் முடியாம பி.எஃப். பணத்தை எடுத்தா வரி வரலாம். சொந்தப் பங்குக்காகப் பர்சனல் லோன் எடுக்கவே எடுக்காதீங்க. ஒரே தொழில் ரெண்டு கடனைச் சுமக்காது.

அப்போ என்ன செய்யலாம்?

வேலையில இருந்துகிட்டே ஆரம்பிங்க. லீவுல ஊருக்குப் போகும்போது மாவட்டத் தொழில் மையத்துக்கு ஒரு நடை போயிட்டு வாங்க. பி.எம்.இ.ஜி.பி.க்கு 2025-26 நிதியாண்டு வரைக்குமான ஒப்புதல்தான் தந்திருந்தாங்க, அதனால விண்ணப்பிக்கிற அன்னைக்கு என்ன விதின்னு அங்கேயே உறுதி பண்ணிக்கோங்க. அப்புறம் அட்டைப்பெட்டி வாங்கப்போற மூணு பேரை நேர்ல பாருங்க. இப்போ என்ன விலைக்கு வாங்குறாங்க, பணம் எத்தனை நாள்ல தர்றாங்கன்னு கேளுங்க. வீட்டுச் செலவுக்கு ஒரு வருஷப் பணம் தனியா சேருங்க. பேங்க்ல இருந்து கடன் அனுமதிக் கடிதம் கைக்கு வந்த பிறகு ராஜினாமாவைப் பத்திப் பேசலாம்.

பேங்க், தொழில் மையம் ரெண்டையும் விட அந்த மூணு பேர் சொல்றதுதான் முக்கியம். மானியம் தர அரசு இருக்கு. பெட்டி வாங்க ஆள் இருக்காங்களான்னு நீங்கதான் பார்க்கணும்.