கடற்காற்று வரும் நேரம்

சென்னையின் தெற்குப் புறநகரில் கோடை வெயிலுக்கு மருந்து கடற்காற்றுதான். பகலில் கடலைவிடத் தரை சீக்கிரம் சூடாகிவிடும். தரைமேல் இருக்கும் காற்று லேசாகி மேலே எழும். அந்த இடத்துக்குக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வரும். மேற்குக் காற்று பலமாக வீசும் நாளில் இது தாமதமாகும். அன்றைக்குத்தான் வெயில் மண்டையைப் பிளக்கும்.

கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் குடும்பத்தோடு போகிறீர்களா? உச்சிவெயில் நேரத்தை ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் கழியுங்கள். 1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று உருவாக்கிய இடம் இது. நிலம் வாங்கக் கையில் காசில்லை. துணியில் உருகிய மெழுகால் கோலமிட்டு, சாயத்தில் தோய்த்து, பத்திக் வேலைப்பாடு செய்து விற்ற பணம் கைகொடுத்தது. கலையை நம்பி ஓர் ஊரையே எழுப்பியவர்களை நம் பிள்ளைகள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னும் தெற்கே போனால் கோவளம். மீனவ இளைஞர்கள் பலகையேறி அலைச்சறுக்கு விளையாடும் அழகைப் பார்க்க, காலையிலேயே போய்விடுங்கள். கடற்காற்று வலுத்தால் அலையின் ஒழுங்கு கலைந்துவிடும். கற்றுக்கொள்ள ஆசையா? பயிற்சியாளர் துணையில்லாமல் மட்டும் கடலில் இறங்காதீர்கள்.