சோற்றைக் குறைத்தால் இத்தனை ஆச்சரியமா? தெரியுமா உங்களுக்கு!

தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர், மேடவாக்கம்… எந்த அடுக்குமாடிக் குடியிருப்புக்குள் நுழைந்தாலும் ஏதாவது ஒரு வீட்டில் இந்தக் குரல் கேட்கும்: “எனக்குச் சோறு வேண்டாம்மா, பொரியல் மட்டும் வை!” லோ கார்ப், பேலியோ, கீட்டோ என்று பெயர்கள் பல. எல்லாவற்றுக்கும் அடிப்படை மாவுச்சத்தைக் குறைப்பதுதான். வீட்டில் ஒருவர் ஆரம்பித்தால் போதும்: பாட்டிக்குக் கவலை, அம்மாவுக்கு இரட்டைச் சமையல், பிள்ளைகளுக்கு வேடிக்கை! இந்தச் சாப்பாட்டுக்குப் பின்னால் இருக்கும் செய்திகளைக் கேட்டால் அசந்துபோவீர்கள். அதில் சில, நம்ம ஜி.எஸ்.டி. சாலை ஓரத்திலேயே கிடக்கின்றன!

பேலியோவுக்குச் சொந்த ஊர் பல்லாவரம்! தெரியுமா?

பேலியோ என்றால் பழைய கற்கால மனிதனைப் போலச் சாப்பிடுவது. அந்தப் பழைய கற்கால மனிதன் இந்தியாவில் வாழ்ந்தான் என்பதற்கு முதல் ஆதாரம் எங்கே கிடைத்தது? பல்லாவரத்தில்! 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியல் அறிஞர் அங்கே ஒரு சரளைக்கல் குழியிலிருந்து கற்கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். அவர் வாழ்நாளெல்லாம் சேகரித்த தொல்பொருள்களை 1904-ல் சென்னை அரசு அருங்காட்சியகத்துக்காக வாங்கிக்கொண்டார்கள். பல்லாவரத்தில் உட்கார்ந்து பேலியோ சாப்பிடுகிறவர்கள் தாராளமாகக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். ஒரு சின்னத் திருத்தம் மட்டும்: அந்தக் கற்கால மனிதர் இறைச்சியோடு நிறுத்திக்கொள்ளவில்லை. கிழங்கு, பழம், தேன், கொட்டை என்று கையில் கிடைத்ததையெல்லாம் சாப்பிட்டார்!

அதே 1863, லண்டன்! தெரியுமா?

ஃபூட் இங்கே கல்லைக் கையில் எடுத்த அதே ஆண்டில், லண்டனில் வில்லியம் பான்டிங் என்பவர் சொந்தக் காசில் ஒரு சிறு நூலை அச்சிட்டார். அவர் தொழில் என்ன தெரியுமா? ஈமச்சடங்கு ஏற்பாட்டாளர்! அரச குடும்பத்து இறுதி ஊர்வலங்களையே நடத்திய நிறுவனம் அவருடையது. குனிந்து காலணிக் கயிற்றைக் கட்ட முடியாத அளவுக்குப் பருத்திருந்தவர், மருத்துவர் ஒருவர் சொன்னபடி ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு, பீர் எல்லாவற்றையும் ஒதுக்கினார். சுமார் ஓராண்டில் 20 கிலோவுக்கும் மேல் குறைந்தார். அந்தக் கதையைத்தான் எழுதினார். மாவுச்சத்தைக் குறைக்கச் சொல்லிப் புகழ்பெற்ற முதல் நூல் அதுதான். அப்படியென்றால் இந்த ‘புது ஃபேஷனுக்கு’ வயது 160-க்கும் மேல்!

கீட்டோ, எடை குறைக்கப் பிறந்ததே இல்லை! தெரியுமா?

1921-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர் ரஸல் வைல்டர் இந்த உணவுமுறைக்குப் பெயர் சூட்டியபோது அவர் மனத்தில் இருந்தது தொப்பை அல்ல, வலிப்பு நோய்! மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்புள்ள குழந்தைகளுக்கு இன்றும் மருத்துவமனைக் கண்காணிப்பில் கீட்டோ உணவு கொடுக்கப்படுகிறது. அதே 1921-ல்தான் டொரான்டோவில் இன்சுலினும் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு முன்பு சர்க்கரை நோயாளிகளுக்கு மருத்துவர்கள் கையில் இருந்த ஒரே ஆயுதம், மாவுச்சத்தைக் குறைத்து உயிரை இழுத்துப் பிடிப்பதுதான்.

100 பாதாமில் என்ன இருக்கிறது? தெரியுமா?

தமிழ்நாட்டு வீடுகளுக்குள் பேலியோ அலையைக் கொண்டுவந்தவர் என்றால் பலரும் சொல்லும் பெயர் நியாண்டர் செல்வன். ‘ஆரோக்கியம் & நல்வாழ்வு’ என்ற ஃபேஸ்புக் குழு வழியாகவும் ‘பேலியோ டயட்’ நூல் வழியாகவும் லட்சக்கணக்கானவர்களின் சமையலறைக்குள் முட்டை, வெண்ணெய், பனீர், காலிஃபிளவர் சோறு எல்லாம் நுழைந்தன. சைவர்களுக்குக் காலை டிபன் 100 பாதாம்! கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள். கணக்குப் போட்டால் ஆச்சரியம் இன்னும் கூடும். 100 பாதாம் சுமார் 120 கிராம். அதில் ஏறக்குறைய 700 கலோரி, 25 கிராம் புரதம். மாவுச்சத்துக் கணக்கில் வரும் 25 கிராமில் பாதிக்கும் மேல் வெறும் நார்! அதே 100 பாதாமைத் தின்றுவிட்டு, மாமியார் மனம் கோணக்கூடாதே என்று நாலு இட்லியும் சாப்பிட்டால்? எடை ஏறத்தான் செய்யும், இறங்காது.

உங்கள் ரத்தம் முழுவதிலும் இருக்கும் சர்க்கரை ஒரே ஒரு டீஸ்பூன்! தெரியுமா?

ஆமாம்! உடம்பில் ஓடும் ரத்தம் சுமார் 5 லிட்டர். அதில் எந்த நேரமும் கரைந்திருக்கும் சர்க்கரை ஏறக்குறைய 5 கிராம்தான். இப்போது தட்டைப் பாருங்கள். 100 கிராம் வெந்த சோற்றில் 28 கிராம் மாவுச்சத்து. மதியம் 300 கிராம் சோறு என்றால் 80 கிராமுக்கும் மேல்! இவ்வளவையும் இன்சுலின் என்ற ஒரே ஹார்மோன்தான் தசைக்கும் கல்லீரலுக்கும் கொழுப்புக்கும் பிரித்து அனுப்ப வேண்டும். அது அலுத்துப்போகும் உடம்புகளில்தான் சர்க்கரை நோய் தலைகாட்டுகிறது. முட்டையில் மாவுச்சத்து 1 கிராம்கூட இல்லை. நெத்திலி, சங்கரா, வஞ்சிரம் போன்ற மீன்களில் அறவே இல்லை.

நூற்றுக்கு 62! தெரியுமா?

இந்தியர்கள் ஒரு நாளில் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது. புரதம் வெறும் 12 சதவீதம். 1,21,077 பேரை ஆராய்ந்து 2025-ல் இதைச் சொன்னது ஐ.சி.எம்.ஆர்-இந்தியாப் (INDIAB) ஆய்வு. அதை முன்னின்று நடத்துவது யார்? நம்ம சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம்! நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்று 2023-ல் சொன்னதும் இதே ஆய்வுதான். அவர்கள் சொல்லும் தீர்வு பயமுறுத்துவதாகவும் இல்லை. தினசரிக் கலோரியில் 5 சதவீதத்தை மட்டும் மாவுச்சத்திலிருந்து எடுத்துப் பருப்பு, பயறு, பால் பொருள்களின் புரதத்துக்கு மாற்றினாலே நோய் வரும் வாய்ப்பு குறைகிறதாம். புதிதாகச் சர்க்கரை நோய் வந்தவர்களுக்கு 2022-ல் அவர்கள் பரிந்துரைத்த அளவு 49 முதல் 54 சதவீதம். ஆக, சோற்றுக்கு முழுக்குப் போடத் தேவையே இல்லை!

கேழ்வரகும் மாவுச்சத்துதான்! தெரியுமா?

“அரிசியை விட்டாச்சு, இப்ப எல்லாம் சிறுதானியம்தான்” என்று பெருமைப்படுகிறவரா நீங்கள்? ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பட்டியலைப் பாருங்கள். 100 கிராம் அரிசியில் மாவுச்சத்து 78 கிராம். கேழ்வரகில் 67, கோதுமை மாவில் 64, கம்பில் 62. வித்தியாசம் அவ்வளவுதான்! ஆனால் நார்ச்சத்தில் அரிசி 3 கிராமைத் தொடவில்லை, கேழ்வரகும் கம்பும் 11 கிராமைத் தாண்டுகின்றன. சிறுதானியம் நல்லதுதான். அளவைக் குறைக்காமல் தானியத்தை மட்டும் மாற்றினால் பயனில்லை என்பதையும் அந்த 2025 ஆய்வே சொல்லிவிட்டது.

அந்த ஊட்டச்சத்து நிறுவனம் பிறந்ததே குன்னூரில்! தெரியுமா?

1918-ல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ஒரே ஓர் அறையில் ‘பெரிபெரி’ நோயை ஆராயத் தொடங்கியவர் ராபர்ட் மெக்காரிசன். நன்றாகத் தீட்டிய அரிசியையே நம்பி வாழ்ந்தவர்களைத் தாக்கிய நோய் அது. அரிசியின் மேல்தோலோடு தயமின் என்ற வைட்டமினும் போய்விடுவதுதான் காரணம். மெக்காரிசன் இந்தியாவின் பல பகுதி உணவுகளை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். கோதுமை, பால், பருப்பு, காய் சாப்பிட்ட எலிகள் கொழுகொழுவென வளர, அரிசியை மலைபோல் தின்ற ‘மதராஸ் உணவு’ எலிகள் நோஞ்சானாகப் போயின! அந்த ஓர் அறைதான் வளர்ந்து 1958-ல் ஹைதராபாத்துக்குக் குடிபெயர்ந்தது.

முதல் வாரம் குறைவது பெரும்பாலும் கொழுப்பு இல்லை! தெரியுமா?

“அஞ்சே நாள், ரெண்டு கிலோ போச்சு!” என்று குதிக்கிறார்களே, போனது பெரும்பாலும் தண்ணீர்! உடம்பு மாவுச்சத்தைக் கல்லீரலிலும் தசையிலும் கிளைக்கோஜனாகச் சேமிக்கிறது. 1 கிராம் கிளைக்கோஜன் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்துவைக்கும். மாவுச்சத்தைக் குறைத்ததும் கையிருப்பு கரையும், தண்ணீரும் வெளியேறும், கூடவே உப்பும் போகும். அந்த வாரம் தலைவலியும் சோர்வும் எரிச்சலும் வருவது இதனால்தான். வீட்டில் சண்டை வந்தால் பேலியோக்காரரை மன்னித்துவிடுங்கள்!

வாழையிலை சொல்லும் வரிசை! தெரியுமா?

நம் பந்தியில் முதலில் இலைக்கு வருவது சோறா? இல்லை! பொரியல், கூட்டு, பச்சடி, அவியல் எல்லாம் வந்த பிறகே சோறு. நாம்தான் சோறு வரும்வரை தொடாமல் காத்திருக்கிறோம்! 2015-ல் நியூயார்க்கின் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் சர்க்கரை நோயாளிகள் 11 பேருக்கு ஒரே சாப்பாட்டை இரண்டு விதமாகக் கொடுத்தார்கள். காய்கறியையும் கோழிக்கறியையும் முதலில் சாப்பிட்டு, 15 நிமிடம் கழித்து ரொட்டியைச் சாப்பிட்டபோது, ஒரு மணி நேரத்தில் ரத்தச் சர்க்கரை 37 சதவீதம் குறைவாக இருந்தது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் செலவே இல்லாத யோசனை! சாப்பிட்டதும் ஒரு பத்து நிமிடம் தெருவில் நடந்தால் தசைகளும் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும்.

சர்க்கரை மண்ணாகிவிடும் மாயம்! தெரியுமா?

சிறுகுறிஞ்சான் இலையை மென்றுவிட்டு வாயில் ஒரு ஸ்பூன் சர்க்கரையைப் போட்டுப் பாருங்கள். மணலைத் தின்பது போலிருக்கும்! இலையிலுள்ள ஜிம்னெமிக் அமிலங்கள் நாக்கின் இனிப்பு உணரும் இடங்களை அரை மணி நேரத்துக்கும் மேல் அடைத்துவிடுகின்றன. சித்த மருத்துவம் நீரிழிவுக்குக் காலங்காலமாகக் கையாளும் மூலிகை இது. 2005-ல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனம் எங்கே இருக்கிறது? தாம்பரம் சானடோரியத்தில்! நாக்கு ஏமாறுவது வேறு, நோய் குணமாவது வேறு. மாத்திரையை நிறுத்திவிட்டு இலையை மெல்லக் கிளம்பிவிடாதீர்கள்.

சானடோரியத்துக்கும் சர்க்கரைக்கும் என்ன உறவு? தெரியுமா?

1928-ல் மருத்துவர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய மருத்துவமனைதான் தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்துக்கே பெயர் கொடுத்தது. ஓய்வு, தூய காற்று, சத்தான சாப்பாடு, இதுதான் அந்தக் காலச் சிகிச்சை. இன்றைய செய்தி என்னவென்றால், சர்க்கரை நோயாளிகளுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 2 முதல் 3 மடங்கு அதிகம்! தட்டில் சோற்றைக் குறைப்பதும் நுரையீரலைக் காப்பதும் இப்படி எங்கோ கைகோத்துக்கொள்கின்றன.

ரேஷன் பை சொல்லும் ரகசியம்! தெரியுமா?

தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் அரிசி அட்டைக்கு அரிசி இலவசம். பல குடும்பங்களுக்கு மாதம் 20 கிலோ, சிலவற்றுக்கு இன்னும் அதிகம்! துவரம் பருப்பு? மானிய விலையில் 1 கிலோ. பசியை விரட்டிய மகத்தான திட்டம் அது, சந்தேகமே இல்லை. ஆனால் இலவசமாகக் கிடைப்பது அரிசி என்பதால், கையில் காசு குறைந்த மாதங்களில் தட்டு நிறையச் சோறும் ஓரமாகக் குழம்பும் என்றாகிவிடுகிறது. பாதாமும் பனீரும் வாங்க எல்லோராலும் முடியாது. அரசே இன்னொரு வழியும் காட்டுகிறது: 2010 முதல் சத்துணவில் வாரத்துக்கு 5 முட்டை! ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். முட்டையோடு கடலை, கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, தயிர், கருவாடு, முருங்கைக்கீரை எல்லாமே மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் பை நிறையக் கிடைக்கும் சரக்குதான்.

இரட்டைச் சமையல் தேவையே இல்லை! தெரியுமா?

ஒரே அடுப்பு, ஒரே குழம்பு, அளவு மட்டும் ஆளுக்கு ஆள் வேறு. இதுதான் சூட்சுமம்! கூட்டையும் பொரியலையும் இரண்டு மடங்காகச் செய்யுங்கள். சோற்றைக் குறைக்கிறவர் கரண்டிக் கணக்கில் போட்டுக்கொள்ளட்டும், ஓடியாடும் பிள்ளைகள் வயிறாரச் சாப்பிடட்டும். வளரும் பிள்ளைகளைக் கீட்டோவுக்குள் இழுக்க வேண்டாம். இட்லியில் உளுந்து நாலில் ஒரு பங்குதான், அடையிலோ பருப்பு ஏறக்குறைய பாதி! மாலையில் பஜ்ஜி இருந்த தட்டில் சுண்டல். 100 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டலில் புரதம் 9 கிராம், நார் 7 கிராமுக்கு மேல். நவராத்திரியில் ஒன்பது நாளும் நாம் செய்வது இதைத்தானே!

யார் தானாகத் தொடங்கக் கூடாது? கட்டாயம் தெரியணும்!

இன்சுலின் போடுபவர்கள், கிளிமிபிரைடு வகை மாத்திரை எடுப்பவர்கள் திடீரென்று சோற்றை நிறுத்தினால் சர்க்கரை அபாயமாக இறங்கி மயக்கம் வரலாம். டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரையோடு கடுமையான கீட்டோ சேர்ந்தால் ரத்தம் அமிலமாகும் ஆபத்து உண்டு. கர்ப்பிணிகளும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் கை வைக்கவே கூடாது. மற்றவர்கள் இன்று இரவே ஆரம்பிக்கலாம்: ஒரு கரண்டி சோற்றைக் குறையுங்கள், ஒரு கரண்டி கூட்டைக் கூட்டுங்கள், காயை முதலில் சாப்பிடுங்கள். வீட்டில் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்!