எடைக்குப் போடும் முன் ஒரு நிமிடம்!

திருத்தணி மலையில் முடி காணிக்கை செலுத்துவது நம் கே.ஜி.கண்டிகை வட்டாரத்துக் குடும்பங்களின் வழக்கம். மொட்டைக்கும் முகச்சவரத்துக்கும் ஒரு காலத்தில் உழைத்தது மடக்குச் சவரக்கத்தி. பிளேடு மாற்றும் கத்தி வந்தபின் அது பெட்டிக்குள் துருப்பிடித்து, கடைசியில் காயலான் கடைக்குப் போகிறது. வணிகர்களாகிய நாம் சரக்கை எடையால் மட்டுமா மதிப்பிடுகிறோம்?

கத்தியின் அடிப்பகுதியைத் துடைத்துப் பாருங்கள். 'ஷெஃபீல்டு' அல்லது 'சோலிங்கன்' என்று பொறித்திருக்கலாம். முன்னது இங்கிலாந்தின் எஃகு நகரம். பின்னது நம் பக்கத்துச் சோளிங்கர் அல்ல. கத்திக்குப் பேர்போன ஜெர்மன் ஊர். வெளியூர்ச் சரக்கில் அந்தப் பெயரைப் போடக்கூடாது என்று 1938-லேயே அங்கு சட்டம் வந்தது. பெயருக்கு அவ்வளவு மதிப்பு!

கூர்முனையில் வெடிப்போ ஆழமான துருக்குழியோ இருந்தால் விட்டுவிடுங்கள். மேல்துரு மட்டுமானால் பிழைக்கும். ஆனால் பிடியையும் கவனிக்க வேண்டும். பழைய செல்லுலாய்டு பிடி நாளாவட்டத்தில் சிதைந்து அமில வாயுவை வெளியிடும். துருவுக்கே அது காரணமாகலாம். அதே பிடியில் மீண்டும் மாட்டினால் உழைப்பு வீண். மரப்பிடி போடுவதே நல்லது.

பிடியின் ஆணித்தலையை அரத்தால் ராவிக் கழற்றுங்கள். கூர்முனையில் டேப் ஒட்டி, தையல் மெஷின் எண்ணெய் தடவி, மெல்லிய உப்புத்தாளால் பொறுமையாகத் தேயுங்கள். சாணைச் சக்கரத்தில் வைக்காதீர்கள். சூடேறி எஃகு நீலம் பாய்ந்தால் பதம் போய்விடும். தேக்கில் சுமார் 3 மில்லிமீட்டர் கனத்தில் இரண்டு பட்டைகள் சீவி, பின்கோடியில் சிறு ஆப்பு வைத்து, பித்தளைக் கம்பியும் வாஷரும் போட்டு மெதுவாகத் தட்டி இறுக்கலாம். மடக்கும்போது கூர்முனை மரத்தில் படக்கூடாது. எல்லைக்கு அப்பால் செம்மரம் மலிவு என்று யாராவது சொன்னால் ஏமாறாதீர்கள். ஆவணமில்லாத செம்மரம் வழக்கில் மாட்டிவிடும்.

தீட்டும்போது முதுகும் கூர்முனையும் ஒருசேரக் கல்லில் படிய வேண்டும். பிறகு தோல்வாரில், முதுகு முன்செல்ல இழுக்க வேண்டும்.

ஒன்றை மறக்க வேண்டாம். இந்தக் கத்தி ஒருவருக்கு மட்டுமே. பலருக்குப் பயன்படுத்தினால் ரத்தத்தின் வழியே மஞ்சள் காமாலை, எய்ட்ஸ் கிருமிகள் பரவக்கூடும். சலூனுக்குப் புதுப் பிளேடே சரி.

உப்புத்தாள், எண்ணெய், பித்தளைக் கம்பி எல்லாம் நம் கடைத்தெருவிலேயே கிடைப்பவை. தாத்தா முகம் மழித்த கத்தி பேரன் கைக்கு வரட்டும். துருவைப் பார்த்து விலை சொல்பவர் இரும்பு வியாபாரி. உள்ளிருக்கும் எஃகைப் பார்ப்பவரே வணிகர்!