காப்பகம் காத்த காடு
பொதிகையின் இரு சரிவுகள் – 9

சென்ற வாரம் திருவனந்தபுரம் பக்கச் சரிவில் இருந்தோம். நெய்யாறு 1958-இலும் பேப்பாறை 1983-இலும் சரணாலயங்களாயின. கோட்டூர் காப்புக்காட்டில் தாயை இழந்த யானைக்குட்டிகளை வனத்துறை வளர்க்கிறது. இந்த வாரம் 1,868 மீட்டர் உயர அகத்தியமலையைத் தாண்டிக் கிழக்கே, திருநெல்வேலிச் சீமைக்கு இறங்குவோம். ஆதரவற்ற பிள்ளைகளுக்காகவே வாங்கப்பட்ட காடு ஒன்று இங்கே இருக்கிறது.

1901-இல், பொட்டுக்கட்டித் தேவதாசியாக்குவதற்காகக் கோயில் வீட்டில் விடப்பட்டிருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பி ஓடி, பண்ணைவிளையில் இருந்த ஏமி கார்மைக்கேலிடம் அடைக்கலம் புகுந்தாள். கார்மைக்கேல் அயர்லாந்திலிருந்து வந்த கிறிஸ்தவ ஊழியர். அந்தச் சிறுமியின் பின்னால் மற்றப் பிள்ளைகளும் வந்தார்கள். களக்காட்டை அடுத்த டோனாவூரில் காப்பகம் வளர்ந்தது. பிள்ளைகளைக் கடத்துகிறார் என்று அவர்மேல் வழக்கும் பாய்ந்தது. பொட்டுக்கட்டுவதைச் சென்னை மாகாணம் சட்டம் போட்டுத் தடுத்தது 1947-இல்தான்.

டோனாவூர்க் கோடையைப் பிள்ளைகள் தாங்கவில்லை. எனவே முதல் உலகப் போர்க் காலத்தில், திருக்குறுங்குடிக்கு மேலே மலையில் நரைக்காட்டை வாங்கி அங்கே ஒரு வீடும் கட்டினார் கார்மைக்கேல். பிள்ளைகள் ஓடையில் நீந்தினார்கள், மரங்களின் பெயர் கற்றார்கள். வனப் பாதுகாப்பு என்ற எண்ணத்தில் வாங்கிய நிலமல்ல அது.

அதே மலைத்தொடரில் வேறொரு கதையும் நடந்தது. 1929-இல் சிங்கம்பட்டி ஜமீன் எட்டாயிரம் ஏக்கருக்கும் மேலான காட்டை 99 ஆண்டுக் குத்தகைக்கு பம்பாய் பர்மா நிறுவனத்துக்குக் கொடுத்தது. மரங்கள் விழுந்தன, மாஞ்சோலையில் தேயிலை எழுந்தது. மேற்குச் சரிவில் போனக்காடும் தேயிலைக்குப் போனது. நரைக்காடு மட்டும் காடாகவே நின்றது. அதை வைத்திருந்த, காப்பகத்தை நடத்திய டோனாவூர் ஐக்கியத்துக்கு அங்கிருந்து வேண்டியது நிழலும் குளிர்ச்சியும்தான்.

அந்த நிழலில் வேறு குடிகளும் உண்டு. சோலைமந்தி என்னும் சிங்கவால் குரங்கு அபூர்வமாகத்தான் தரைக்கு இறங்கும். கிளைவிட்டுக் கிளை தாவியே வாழும். வெடிப்பலா போன்ற மரங்கள் அதற்குச் சோறு போடுகின்றன. மரங்களுக்கிடையே ஒரு சாலையோ தோட்டமோ வந்துவிட்டால் கூட்டம் இரண்டாகப் பிரிந்துபோகும். இந்தக் குரங்கை முன்னிட்டுத்தான் 1976-இல் களக்காடு சரணாலயமானது. 1988-இல் முண்டந்துறைச் சரணாலயத்தோடு இணைந்து தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகம் உருவானது. நாங்குநேரியில் பிறந்த வனவிலங்கு அறிஞர் ஏ.ஜே.டி. ஜான்சிங் இந்த மலைகளைப் பற்றி எழுதும்போது நரைக்காட்டையும் பேசியிருக்கிறார்.

சரணாலய அறிவிப்பு வருவதற்கு ஏறக்குறைய 60 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு காடு தப்பித்தது என்றால், அதற்குக் காரணம் அதை வரவுக் கணக்கில் எழுதாத ஓர் உடைமையாளர். ஆனால் அது தற்செயலாக வாய்த்த நன்மை. குரங்குக் கூட்டத்துக்குப் பட்டா எல்லை தெரியாது. சுற்றியுள்ள மலை முழுவதும் காப்பாற்றப்பட்டால்தான் நடுவில் இருக்கும் துண்டும் பிழைக்கும். நல்ல மனம் ஒரு காட்டை வைத்திருக்கும். மலையை வைத்திருக்க அரசாணை வேண்டும்.

அந்த அரசாணை மாஞ்சோலையில் என்ன செய்தது? அடுத்த வாரம் அங்கே ஏறுவோம்.

(தொடரும்)